குருவிக்குக் கட்டிய கயிறு

திராட்சை பழுத்துவிட்டது என்பது முதலில் மைனாவுக்குத்தான் தெரியும் ஐயா. தோட்டக்காரருக்கு அப்புறம்தான். பன்னீர்த் திராட்சை கறுக்கத் தொடங்கிய அன்றைக்கே எங்கிருந்துதான் வருமோ, கூட்டமாகப் பந்தலில் இறங்கிவிடும். வயிறாரத் தின்றுவிட்டுப் போனால்கூட மனசு ஆறும். ஒரு குலையில் நாலு பழத்தைக் கொத்திப் போட்டுவிட்டு அடுத்த குலைக்குப் போய்விடும். கொத்தின பழம் அழுகி, குளவி மொய்த்து, குலை மொத்தமும் வீணாகும். அதனால் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை வைத்திருக்கிறவர்கள் வெடிக்கயிறு கட்டுவது வழக்கம். என் தோட்டத்தில் எரிந்தது போக மிச்சம் தொங்கிய கயிற்றை மேசைமேல் வைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்டீர்கள். நீங்கள் வெளியூர்க்காரர், தெரியாமல் கேட்டதில் தப்பில்லை.

பழைய நூல் சேலையைக் கிழித்து முறுக்கினால் நல்ல கயிறு கிடைக்கும். சணல் புகையும், நடுவில் அணைந்துபோகும். நூல் கயிறு அப்படிச் செய்யாது. முறுக்குக்குள்ளே இடைவெளி விட்டு விட்டு வெடியின் திரியைச் செருகி, கல்தூணில் தொங்கவிட்டு, அடிநுனியில் கங்கு வைக்க வேண்டும். கங்கு மெதுவாக மேலே ஏறும். ஒவ்வொரு திரியைத் தொடும்போதும் ஒரு வெடி வெடிக்கும். கட்டிவிட்டு நாம் பாட்டுக்கு வீட்டு வேலையைப் பார்க்கலாம். ஒரு சாண் கயிறு எரிவதற்குள் உலை கொதித்து அரிசி போட்டுவிடலாம், இரண்டு சாணுக்குச் சோறு வடித்துவிடலாம். அந்தக் கணக்கு எனக்குக் கைப்பழக்கம். என்னைப்போல் சரியாகக் கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் இல்லை, இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி இந்த ஸ்டேஷனில் பின்னறையில் இருக்கிறார். அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் ஜெபமணி அண்ணன் எங்கள் தோட்டத்தில் வெட்டுப்பட்டுச் செத்துப்போனார். வெட்டியது இவர் கைதான், இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. சண்டையில் புத்தி கலங்கிய ஆள், பைத்தியம், மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்களாம். அங்கே அனுப்பினால் நான் அவரை மறுபடி பார்க்கப் போவதில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். அவர் பைத்தியம் இல்லை ஐயா. ரொம்ப நாளாகவே இல்லை.

அவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தபோதே அவர் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு லீவு. பெட்டியோடு வருவார், ஊரெல்லாம் கூடும், வீடு நிறைய ஆள் இருக்கும். பேச்செல்லாம் மற்றவர்களோடுதான். என்னை 'ஏய்' என்பார், 'இந்தா' என்பார், பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோற்றில் சூடு ஆறிப்போயிருந்தால் பெல்ட்டை உருவுவார். பட்டாளத்துப் பெல்ட்டுக்குப் பித்தளைக் கொக்கி உண்டு. லீவு முடிந்து அவர் பஸ் ஏறும்போது எனக்கு அழுகை வரும், அதுதான் வேடிக்கை. அடிக்கிறதற்காவது பக்கத்தில் இருந்தாரே என்று நினைத்துக்கொள்வேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் இல்லாத மாதங்களில் அந்தத் தோட்டத்து வீட்டில் நான் பேசியது திராட்சைக் கொடியோடுதான்.

எழுபத்தொன்றில் வங்காளப் பக்கம் சண்டைக்குப் போனார். அங்கே பதுங்குகுழியில் குண்டு விழுந்து ஜெபமணி அண்ணன் மண்ணுக்குள் புதைந்துபோனாராம். இவர்தான் கையாலேயே தோண்டி எடுத்துத் தோளில் போட்டுத் தூக்கி வந்தாராம். இதை இவர் சொல்லவில்லை, அண்ணன்தான் பிற்பாடு சொன்னார். அதற்கப்புறம் இவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பட்டாளத்துக்கு ஆகமாட்டார் என்று எழுபத்துமூன்றில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்த புதிதில் அவர் யாரோடும் பேசவில்லை. அது பழக் காலம். எப்போதும்போலக் கயிற்றைக் கட்டிவிட்டு அடுப்படியில் இருந்தேன். முதல் வெடி வெடித்தது. மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்ற மனுஷன், குப்புற விழுந்து, முழங்கையாலேயே தவழ்ந்து, முற்றத்தைத் தாண்டி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். என் காலைக் கட்டிக்கொண்டார். பல் கிட்டி உடம்பெல்லாம் உதறியது. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"பவுனு, போயிராத பவுனு. இங்கனயே இரு" என்றார்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் வாயில் என் பேரைக் கேட்டேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது ஐயா. இதை எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் மறைக்கமாட்டேன்.

உடனே கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் போகம் பாதிப் பழம் மைனாவுக்குத்தான் போயிற்று. அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். டீக்கடைக்குப் போனார். யாரோ சொன்னதற்குச் சிரித்தார். என்னிடம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற பேச்சு குறைந்தது. ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பெல்ட்டை வெளியே எடுத்தார். துடைத்தார், இடுப்பில் போட்டார், தேனிச் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். அவ்வளவுதான். என்மேல் கை ஓங்கவில்லை. சோறு ஆறித்தான் இருந்தது, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஆனால் அந்தப் பெல்ட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் காலையில் கயிறு கட்டினேன்.

அடுத்த பழக் காலமும் வந்துவிட்டது, குருவிக்குத்தானே என்றுதான் கட்டினேன். அவர் வீட்டுக்குள் வந்து உட்காருகிற நேரமாகப் பார்த்து வெடிக்கும்படி திரியைச் செருகினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிணற்றடியில் அவர் இருக்கும்போது ஒருநாளும் வெடித்ததில்லை. ரோட்டுப் பக்கம் போயிருந்தால் கங்கை நசுக்கிவிடுவேன். காய்ச்சல் கண்டிருந்தால் கட்டவே மாட்டேன். எப்போது வெடித்தாலும் நான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பேன். வெடிச் சத்தத்துக்கு அப்புறம் அவருக்கு வேண்டியது ஒரு ஆள்தான். அந்த ஆள் அங்கே இருந்தது. அரிசிக் கஞ்சி வைத்து ஊட்டிவிடுவேன். சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்திலேயே படுத்திருப்பார். எந்தப் பெண்டாட்டி அப்படிப் பார்த்துக்கொள்வாள் சொல்லுங்கள்.

பழம் வெட்டி முடிந்த பிறகும் கட்டினேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில். "எங்கேருந்து பவுனு சத்தம் வருது?" என்று கேட்பார். மேற்கே கிணறு வெட்டுகிறார்கள், பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்பேன். பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டி அண்ணன் ஒருதரம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டார்.

"ஏத்தா பவுனு, கவாத்து பண்ணி மொட்டக் கொடியா கெடக்கு. எந்தக் குருவிக்கு ஆத்தா வெடி கட்டுற?"

"வௌவா வருதுண்ணே."

"பட்டப்பகல்லயா? ஒங்க தோட்டத்து வௌவாலுக்கு மட்டும் பகல்ல கண்ணு தெரியும் போலருக்கு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல மனுஷன், குத்திக் கேட்கிற ஆள் இல்லை.

சின்ன வெடிக்கு அவர் பழகிவிட்டார். இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, வெடித்தால் திடுக்கிட்டு நிற்பார், வேர்க்கும், ஆனால் நின்றுவிடுவார். மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் மண்வெட்டியைத் தூக்குவார். அவருக்கு மனத்தைரியம் அதிகம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதன் பிறகு தேவாரம் ஊரில் ஒரு கடையில் சொல்லிவைத்து, நூல் சுற்றிய அணுகுண்டு வெடி வாங்கினேன்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. போன வருஷம் ஜெபமணி அண்ணன் வந்தார். போடி பஜாரில் அவர்கள் குடும்பத்துக்கு இரும்புக் கடை. சண்டையில் ஒரு கையில் விரல்கள் போய், ஊரோடு வந்து கடையில் உட்கார்ந்துவிட்டார். தங்கமான மனுஷன் ஐயா. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இவரைப் பார்த்ததும் குழந்தைபோல அழுதார். தானே செலவு செய்து மதுரைக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, டாக்டரு என்ன சொன்னாகன்னா, இவனுக்குப் பெருசா மருந்து ஒன்னும் வேணாமாம். வெடிச் சத்தம் காதுல விழாம ஒரு வருசம் இருந்தாப் போதுமாம், தானாத் தெளிஞ்சிருவானாம். மைனா தின்னா தின்னுட்டுப் போகட்டும். கயிறு மட்டும் கட்டாதீக."

"சரிண்ணே" என்றேன்.

அதோடு விட்டாரா? அக்கம்பக்கத்துத் தோட்டம் ஒவ்வொன்றாகப் போய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். "பட்டாளத்துக்காரருக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி? தகரம் தட்டி வெரட்டிக்கிருதோம்" என்று சுருளியாண்டி அண்ணன்தான் முதலில் சொன்னார். அந்தப் போகத்தில் அவருக்கு நல்ல நஷ்டம். ஆகவே இந்த வருஷம் எங்கள் பக்கம் ஒரு தோட்டத்திலும் வெடிக்கயிறு கிடையாது. நீங்கள் என் கயிற்றைப் பார்த்ததும் ஏன் சந்தேகப்பட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

நானும் கட்டாமல்தான் இருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், கிட்டத்தட்ட அந்த வருஷம் முழுக்க. அவர் தேறியதைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். விடிந்ததும் எழுந்து அவரே மோட்டார் போட்டார். கொடியை இழுத்துக் கட்டினார். எனக்குத் தலைவலி என்று படுத்த அன்றைக்கு ரசம் வைத்துக் கொடுத்தார், உப்பு அதிகம், ஆனாலும் குடித்தேன். ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒன்னைய அடிச்சதெல்லாம் எனக்கு ஞாவகம் இருக்கு பவுனு. மறந்துட்டேன்னு நெனைக்காத. நான் மனுசனா நடந்துக்கல. அந்தப் பெல்ட்டத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டேன்."

கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினேன். அவர் பெல்ட்டால் அடித்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. இத்தனை காலம் கழித்து ஒருவர் கணக்குத் தீர்க்கிறமாதிரி மன்னிப்புக் கேட்கிறார் என்றால், எங்கேயோ கிளம்பப் போகிறார் என்றுதானே அர்த்தம்.

நான் நினைத்தபடியே நடந்தது. அடுத்த வாரம் ஜெபமணி அண்ணன் வந்து, தன் கடைக் குடோனைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். குடோனுக்கு மேலேயே ஒரு ரூம் இருக்கிறதாம். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டு, திங்கட்கிழமை போனால் போதுமாம். இவர் சரி என்று சொல்லிவிட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எனக்கு மறுபடியும் லீவுப் புருஷன். மறுபடியும் கொடியோடு பேச்சு.

"நானும் கூட வாரேன்" என்று கேட்டேன்.

"தோட்டத்த யாரு பாப்பா? கொஞ்ச நாளைக்கு நான் தனியா நின்னு பாக்குறேன் பவுனு. நின்னுட்டேன்னா ஒன்னைய வந்து கூட்டிக்கிருதேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தன்மையாகத்தான் சொன்னார்.

ஜெபமணி அண்ணன் அவரைக் கூட்டிப்போக வருகிற அன்றைக்குக் காலையில் கயிறு கட்டினேன். அண்ணனுக்கு ஒரு தீங்கும் நான் நினைக்கவில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்காரும்போது முதல் வெடி வெடிக்க வேண்டும். இவர் சோற்றை விட்டுவிட்டு என்னிடம் தவழ்ந்து வருவார். அண்ணன் அதைக் கண்ணால் பார்ப்பார். இந்த ஆளை வைத்து என்ன வேலை வாங்குவது என்று அவருக்கே தோன்றும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் செய்திருந்தேன்.

ஆடி மாதக் காற்றை மறந்துபோனேன் என்று இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் அதை மறக்க முடியாது, கணவாய் வழியாக இறங்கினால் கூரையைப் பிய்க்கும். அதற்காகத்தான் மோட்டார் ரூமுக்குப் பின்னால், சுவர் மறைப்பில் கட்டினேன். கயிற்றையும் லேசாக நனைத்திருந்தேன். ஆனால் வந்தவுடன் இவர், அண்ணன் பிள்ளைகளுக்குப் பழம் வெட்டித் தருகிறேன் என்று பந்தலுக்குக் கூட்டிப்போய்விட்டார். கூடை எடுக்க மோட்டார் ரூமை அண்ணன் திறந்திருக்கிறார். இரண்டு பக்கக் கதவையும் திறந்து போட்டுவிட்டார். காற்று நேராக ஊடே புகுந்து கங்கை ஊதி வேகமாக மேலே ஏற்றிவிட்டது. என் கணக்கு தப்பியது அந்த ஒரு இடத்தில்தான்.

நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சத்தம் வரக்கூடாது. வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் கையில் குலை வெட்டுகிற வளைந்த கத்தி இருந்தது. விழப்போனவரை அண்ணன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்கிறார். அந்த மாதிரி நேரத்தில் அவரைப் பின்னாலிருந்து தொடக்கூடாது. முன்னால் போய், உட்கார்ந்து, கையைக் காட்ட வேண்டும். எனக்கு அது தெரியும், அண்ணனுக்குத் தெரியவில்லை. "ஏலே கோட்ட, நான்டா, ஜெபமணிடா" என்ற குரல் கேட்டது. நான் பந்தலுக்குள் குனிந்து போனபோது அண்ணன் தரையில் கிடந்தார். தொடையிலும் அடிவயிற்றிலும் வெட்டு. கூடையில் வைத்த பழமெல்லாம் சிதறிக் கிடந்தது.

இதுவரைக்கும் உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். இனிமேல் சொல்வது யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்கு உயிர் இருந்தது. நல்ல நினைவும் இருந்தது. "தங்கச்சி, துணிய வச்சுக் கட்டுங்க. யாரையாச்சும் கூப்பிடுங்க" என்றார். சுருளியாண்டி அண்ணன் தோட்டத்தில் அன்றைக்கு ஆள் இருந்தது, டிராக்டரும் நின்றது. வேலியோரம் போய் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நான் அண்ணன் பக்கம் ஒரு எட்டு வைத்தேன். அப்போது இவர் கத்தியைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டார். உடம்பு உதறியது. "பவுனு, பவுனு, போயிராத" என்றார். ஒரு வருஷம் ஆகியிருந்தது ஐயா, அவர் அப்படிக் கூப்பிட்டு.

அவர் கையை விலக்கியிருக்கலாம். அவ்வளவு பலம் அவரிடம் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கயிற்றில் இன்னும் வெடிகள் இருந்தன. எழுந்து போய் நசுக்கியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஒவ்வொன்றாக வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் என்னை இன்னும் இறுக்கிக்கொண்டார். அண்ணன் கொஞ்ச நேரம் என்னைக் கூப்பிட்டார், அப்புறம் அவர் வீட்டம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் கண்ணைத் திறந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. கடைசி வெடியும் வெடித்து அடங்குகிற வரைக்கும் கேட்டுவிட்டு, அப்புறம்தான் சுருளியாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன்.

எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி, கொடுங்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அவரை மெட்ராஸுக்கு அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் கையில் அவர் என்ன பாடுபடுவார்? அவருக்கு எப்போது என்ன வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும்.

நேற்று அந்தக் கயிற்றை அவரிடம் காட்டினீர்களாமே. காட்டியிருக்க வேண்டாம். கையில் வாங்கி, முறுக்கைப் பிரித்து, என் சேலைத் துணியைப் பார்த்தாராம். அப்புறம், "பவுனு இங்கன வர வேணாம்னு சொல்லிருங்க. அவ மூஞ்சில நான் முழிக்கமாட்டேன்" என்று சொன்னாராம். ஏட்டு ஐயா வாசலிலேயே சொன்னார். அது அவர் பேச்சு இல்லை. இங்கே அமைதியாக இருக்கிறது, சத்தம் ஒன்றும் இல்லை, அதனால் அவருக்குத் தன் நிலைமை தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் என்னை நம்ப வேண்டாம். அந்த அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே ஒரே ஒரு வெடி போட்டுப் பாருங்கள் ஐயா. யாரைத் தேடி ஓடிவருகிறார் என்று நீங்களே பார்ப்பீர்கள்.